வண்டிக்குள் ஒரு கத்தாளை

ராத்திரி இரண்டரை மணிக்கு உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி தானாக நடுங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? லாரி, காற்று, பூனை என்று ஏதாவது நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பீர்கள். சதுரங்கப்பட்டினத்தில் குடியிருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. கிழக்கே கடல். வடக்கே அணுமின் நிலையம். 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையைப் பார்த்த கண்கள் வேறு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடி 'ட்ர்ர்ர்' என்றது. நின்றது. மறுபடி 'ட்ர்ர்ர்'. பூகம்பம் தாளம் போடாது என்று உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று. தெருக்கோடியில் ஒரு பிக்கப் வண்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு கேட்கவில்லை. அடி மட்டும்தான். டும். டும். டும்.

"குப்பத்துப் பையன் வண்டி. புதுசா ஏதோ பெட்டி வெச்சிருக்கான்" என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமலே. அவளுக்கு எல்லாம் எப்படித்தான் தெரியுமோ.

அந்தப் பையனை நானும் அறிவேன். மீன் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை மார்க்கெட்டுக்குப் போகிறவன். பக்கத்து சீட்டில் அவன் நைனா. (எங்கள் பக்கத்துக் குப்பங்களில் அப்பாவை நைனா என்பார்கள்.) வண்டி பழசு, மூன்று வருஷத் தவணை பாக்கி. அதற்குப் போய் ஊஃபரா? நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துவைத்திருந்தேன். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களிடம் இப்படி நிறைய வார்த்தைகள் ஸ்டாக் இருக்கும்.

கேட்க வாய்ப்பு வருவதற்குள் அவனே வந்தான். முகம் செத்திருந்தது.

"சார், நீங்க ரேடியோல்லாம் பாப்பீங்கன்னு சொன்னாங்க. வண்டில புகை வந்துச்சு சார். நைனா உள்ள இருந்தாரு."

திருவிடந்தை தாண்டும்போது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. அடுத்த நொடி வெள்ளைப் புகை. நல்லவேளை, இவன் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி டெர்மினலைப் பிய்த்து எடுத்துவிட்டான். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அந்தப் பக்கக் கதவின் பூட்டு ஏற்கெனவே மக்கர். நைனாவால் இறங்க முடியவில்லை. இவன் கத்தியது அவருக்குக் கேட்கவும் இல்லை. புகைக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

நான் தயார் செய்துவைத்திருந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை. "வண்டியக் கொண்டா" என்றேன்.

பிரித்துப் பார்த்தபோது கருகிய ஒயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் வரும். இன்ஜின் பகுதிக்கும் கேபினுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் உண்டு. அதில் ஓட்டை போட்டுத்தான் ஒயரை உள்ளே கொண்டுவர வேண்டும். ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் ஒரு ரப்பர் வளையம் மாட்டவேண்டும். விலை சில ரூபாய்தான். மாட்டியவர் மாட்டவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க ஒயரின் தோல் தேய்ந்து, உள்ளே இருந்த உலோகம் தகரத்தைத் தொட்டுவிட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் பாடியைத் தொட்டால் ஷார்ட். ஒரு வண்டி பேட்டரி, ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டும். ஒயர் அடுப்புக் கம்பியாக மாறிவிடும்.

அதைத் தடுக்கத்தான் ஃபியூஸ். 'ஃபியூஸ்தான் ஆம்ப்ளிஃபயர்லயே இருக்கே' என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடையிலும் அதையேதான் சொன்னார்களாம். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற. ஒயரைக் காப்பாற்ற பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள், இன்னொரு ஃபியூஸ் வேண்டும். வழியில் எங்கே ஷார்ட் ஆனாலும் அது முதலில் உயிரை விடவேண்டும். வண்டியில் ஊஃபர் வைக்கிறேன் என்று கிளம்புகிற எல்லாத் தம்பிகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, எத்தனை இன்ச் என்பதெல்லாம் அப்புறம்.

ஒயரைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். செம்பைவிட மலிவு, மின்சாரத்தைக் கடத்துவதிலும் மட்டம். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அது ஆறு மாசம் தாங்கினால் அதிசயம்.

அடுத்து அந்தப் பெட்டி. பன்னிரண்டு இன்ச் ஊஃபர், மேலே '1200 வாட்ஸ்' என்று நெருப்புப் படத்தோடு ஸ்டிக்கர். இந்த வாட்ஸ் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஃபியூஸைப் பாருங்கள். அந்த ஆம்ப்ளிஃபயரில் இருந்தது 25 ஆம்பியர் ஃபியூஸ். இன்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 350 வாட்ஸ். அதுதான் உள்ளே போகக்கூடியது. பழைய பாணி ஆம்ப்ளிஃபயர் அதில் பாதியைச் சூடாக்கி விட்டுவிடும். மிஞ்சுவது 200-க்குள். 1200 எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்து. ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர்களில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டு விற்றார்களே, அந்த வம்சம் இன்னும் அழியவில்லை.

கம்பெனி செட்டும் விதிவிலக்கில்லை. டேஷ்போர்டில் இருக்கிற சின்ன செட்டில் 'ஐம்பது வாட்ஸ், நாலு ஸ்பீக்கர்' என்று எழுதியிருக்கும். 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு சாதாரண நாலு ஓம் ஸ்பீக்கருக்கு நிஜத்தில் அது தருவது இருபது வாட்ஸ் சுமார். கதவில் நாலு இன்ச் ஸ்பீக்கர். அதிலிருந்து பேச்சு வரும், குழல் வரும், வயலின் வரும். அடி வராது. குறைந்த சுருதிக்கு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும், கிண்ணம் போலிருக்கும் ஸ்பீக்கரால் முடியாது.

"எதுக்குடா தம்பி உனக்கு இவ்ளோ பெரிய பெட்டி?" என்றேன்.

அவன் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நைனாவுக்கு சார். அவருக்குப் பாட்டே கேக்கமாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணி நேரம் சும்மா இருட்டப் பாத்துனு வர்றாரு. பேச்சும் கேக்காது, பாட்டும் கேக்காது. தூங்கவும் மாட்டாரு. நான் தூங்கிடுவேனோன்னு பயம்."

நான் அதை முழுசாக நம்பவில்லை. நெருப்புப் படம் போட்ட ஸ்டிக்கரையும், ஸ்பீக்கரைச் சுற்றி ஓடிய நீல விளக்கையும் நைனாவுக்காக யாரும் வாங்கமாட்டார்கள். பாதி அவருக்கு, பாதி இவனுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்தாறு வயசில் அது குற்றமில்லை.

பெரியவரை வீட்டுக்கு வரச்சொன்னேன். கட்டுமரத்தில் தொழில் ஆரம்பித்தவர். கட்டுமரத்துக்கு இன்ஜின் கிடையாது, அலைச் சத்தம்தான். சுனாமிக்கப்புறம் இந்தக் கடற்கரை பூராவும் ஃபைபர் படகு வந்தது. டீசல் இன்ஜினை ஒட்டியே உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். காதில் எதையும் வைத்துக்கொண்டதில்லை. யாரும் சொல்லவுமில்லை.

ஹெட்போனை மாட்டிவிட்டு, மொபைலில் ஒவ்வொரு சுருதியாகப் போட்டேன். (இது வைத்தியப் பரிசோதனை இல்லை. சரியான பரிசோதனைக்குக் காது டாக்டரிடம்தான் போகவேண்டும். பிறகு போனார்கள்.) வினாடிக்கு 8,000 அதிர்வு: ஒன்றுமில்லை. 4,000: ஒன்றுமில்லை. 2,000: தலையைச் சாய்த்தார், சந்தேகம். 500: கையைத் தூக்கினார். 100: சிரித்தார்.

இரைச்சலால் கெடுகிற காது பெரும்பாலும் இப்படித்தான் கெடும். முதலில் 4,000 அதிர்வு சுற்றுவட்டாரம் போகும். பிறகு பள்ளம் இரண்டு பக்கமும் அகலும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 'ச', 'ஸ', 'த', 'க' போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் எதிராளி பேசுவது கேட்கும், என்ன பேசுகிறான் என்பது புரியாது. 'சத்தமா பேசு' என்று சொல்லி, சத்தமாகப் பேசினால் 'ஏன் கத்துற?' என்று கோபப்படும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள்.

பெரியவருக்குப் பாட்டு கேட்காததன் காரணம் இப்போது விளங்கியது. வண்டி ஓடும்போது கேபினுக்குள் நிறைந்திருப்பது இன்ஜின், டயர், காற்று. எல்லாம் கீழ்ச்சுருதி இரைச்சல். கதவு ஸ்பீக்கர் தருகிற சொற்ப அடியையும் அது முழுங்கிவிடும். பாட்டின் கீழ்ப்பாதியை இன்ஜின் தின்றது, மேல்பாதியை காது தின்றது. மிச்சம் என்ன இருக்கும்?

ஆக, பையன் செய்தது சரிதான். செய்த விதம்தான் தப்பு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. பன்னிரண்டு இன்ச் பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். அது பெரியவரின் முழங்காலை மடக்க விடாமல் நடுவில் நின்றது வேறு. பதிலுக்கு எட்டு இன்ச் ஊஃபர். பையன் முகம் சுருங்கிற்று. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வினாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் கிட்டத்தட்ட 28 அடி. வண்டி கேபின் ஐந்தடி. அந்த இடத்துக்குள் அலை ஓடவே முடியாது. மொத்தக் காற்றும் சைக்கிள் பம்புக்குள் போல அழுத்தம் ஏறி இறங்கும். இதனால் கீழே போகப் போக சத்தம் தானாகவே கூடும். வீட்டு ஹாலில் திணறுகிற எட்டு இன்ச், வண்டிக்குள் ராஜா. ஜன்னலை இறக்கினால் அந்த ராஜ்ஜியம் வெளியே போய்விடும். அப்போதுதான் என் வீட்டுக் கண்ணாடி ஆடும்.

பெட்டியை நாங்களே செய்தோம். கடைப் பெட்டிகள் அமுக்கிய மரத்தூள் பலகையில் வரும். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஒழுகும் வண்டியில் அது ஊறி பிரெட் மாதிரி உப்பிவிடும். படகுக்குப் பயன்படும் மரைன் பிளைவுட் 18 மில்லிமீட்டர், குப்பத்திலேயே துண்டு கிடைத்தது. சீட்டுக்கு அடியில் போகிற மாதிரி, கிட்டத்தட்ட பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவு. நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்தோம். துளை வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும், ஆனால் அளவு தப்பினால் ஒரே சுருதியில் ஊளையிடும். மூடின பெட்டி தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

படகுக்கு ஒட்டுப்போடும் ரெசினை மூலைகளில் பூசியது பெரியவர். நான் சொல்லித்தரப் போனபோது கையை விலக்கிவிட்டார். ஃபைபர் படகு ஓட்டினவருக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது?

ரெசின் காய்கிற நேரத்தில்தான் கத்தாளை பேச்சு வந்தது.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பையன் அவர் முகத்துக்கு நேரே வாயசைத்துத் திருப்பிச் சொன்னான். பெரியவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "கத்தாளைக்குங்கூட இருக்குதே. நெட்டி." அவர் சொன்னது முற்றிலும் சரி. கத்தாளை இனத்து மீன்களுக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. மீனவர்கள் நெட்டி என்பது அதைத்தான். பக்கத்துத் தசைகளை வேகமாகத் துடிக்கவிட்டு அந்தப் பையைத் தப்பட்டை மாதிரி அடிக்கும். ஒலி தண்ணீருக்குள் உறுமலாகப் போகும். இணை தேடும் காலத்தில் கூட்டமாக உறுமும். இங்கிலீஷில் இந்தக் குடும்பத்துக்கே 'டிரம்' மீன் என்று ஒரு பெயர் இருக்கிறது. பெரிய கூறல் கத்தாளையின் நெட்டிக்கு வெளிநாட்டில் என்ன விலை கிடைக்கும் என்று எந்தக் குப்பத்திலும் கேட்டுப் பாருங்கள், மீனின் விலையை மறந்துவிடுவீர்கள்.

"முன்னெல்லாம் மரத்துல குப்புறப் படுத்தா கேக்கும் சார்," என்றார். "கொர்ர் கொர்ர்னு. மரம் வழியா நெஞ்சுல வரும்."

எந்த மீன், எந்த மாசம் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் கத்தவும் இல்லை.

ஒயரிங்குக்கு நிஜமான செம்பு, 10 ஸ்கொயர் மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ். தகர ஓட்டையில் ரப்பர் வளையம். அதற்கு மேலும் பழைய தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன், பயந்தவன் நான். எர்த் ஒயருக்குப் பாடியில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகு போல்ட்டைப் போட்டு, மேலே கிரீஸ். எங்கள் கடற்கரையில் துரு பிடிக்காதது எதுவுமில்லை. பாட்டு வரும் ஒயரை வலப்பக்கமாகவும் கரன்ட் ஒயரை இடப்பக்கமாகவும் கொண்டுபோனோம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பாடும். கதவுப் பூட்டையும் அன்றே மாற்றச் சொன்னேன். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் மாற்றினோம்.

80 அதிர்வுக்குக் கீழே உள்ளது ஊஃபருக்கு, மேலே உள்ளது கதவுக்கு என்று பிரித்துவிட்டோம். சின்ன ஸ்பீக்கருக்குத் தூக்கமுடியாத மூட்டை இறங்கியதும் அதன் குரலே தெளிந்துவிட்டது.

சோதனை ஓட்டம் புதுப்பட்டினம் வரை. பென் டிரைவில் பழைய இளையராஜா. பெரியவர் நடுவில், நான் ஜன்னலோரம். எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்காது, தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். அவற்றில் பலவற்றுக்கு வாசித்தவர் சசிதரன். பின்னாளில் ரஹ்மான் பாட்டுகளுக்குக் கீத் பீட்டர்ஸ். டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த நம்மில் பலர் அந்தக் கீழ்ப்பாட்டைச் சரியாகக் கேட்டதே கிடையாது. அந்தக் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 தரம் அதிரும். கம்பெனி செட் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

முதல் பாட்டுக்குப் பெரியவர் சும்மா இருந்தார். இரண்டாவது பாட்டு பாதியில் அவர் விரல்கள் முழங்காலில் எதையோ தேடின. பிறகு பல்லவியை முணுமுணுத்தார். சுருதி இல்லை. ஒரு அடி முன்னால் ஓடினார். ஆனால் அதே பாட்டு. வார்த்தைகள் அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கீழே ஓடிய கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, மிச்சத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பையன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். நானும் ரோட்டையே பார்த்தேன்.

அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சந்தோஷத்தில் அவன் கை வால்யூமுக்குப் போனது. கண்ணாடி அடைத்த கேபினில் என் மொபைல் 97 டெசிபல் காட்டியது. மொபைல் கணக்கு தோராயம்தான், கீழ்ச்சுருதியைக் குறைத்துத்தான் காட்டும். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 97-க்கு அரை மணி. இவன் ஓடுவது போக இரண்டு மணி, வர இரண்டு மணி, தினமும்.

"உங்க நைனா எத்தன வயசுல காது போச்சுன்னு சொன்னாரு?"

"அம்பது இருக்கும் சார்."

"நீ நாப்பதுல அங்க போய்டுவ. அப்புறம் உன் புள்ள உனக்குப் பெட்டி வாங்கணும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஹாரனும் ஆம்புலன்ஸும் கேட்கவேண்டும் என்றும் சொன்னேன். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதையும் சொன்னேன். என் ஜன்னல் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. கௌரவம்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். பெரியவர் உட்காரும் பக்கம் சீட்டுக்கு அடியில், சட்டத்தோடு ஒட்டி ஊஃபரைத் திருகினோம். சத்தம் குறைவாக இருந்தாலும் அதிர்வு பலகை வழியாக அவர் முதுகுக்குப் போகும். ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை 85-ஐத் தாண்டாத இடத்தில் நிறுத்தி, என் மனைவியின் நகப்பூச்சை ஒரு சொட்டு விட்டு உறையவைத்தேன். ரேடியோ ரிப்பேர்காரர்களின் பழைய முத்திரை அது. திருகினால் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மாசம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்றேன். நீல விளக்கை மட்டும் அவன் கழற்றவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காது டாக்டர் இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். தவணை முடிந்ததும் வாங்குவதாகப் பையன் சொல்கிறான். தவணைக்குப் பிறகு இல்லை, முன்னால் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

போன வாரம் முத்திரையைப் பார்த்தேன். உடையவில்லை.

இப்போது ராத்திரி வண்டி போகும்போது ஜன்னல் கண்ணாடி ஆடுவதில்லை. ஆனாலும் இரண்டரை மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.